'நாம்' என்றால் யார்? ஏற்றுமதிச் சுவரொட்டியும் வரிசையில் நின்ற பெண்களும்

மொழிபெயர்ப்பு வகுப்பில் நான் மாணவிகளுக்குக் கதையோ கவிதையோ அதிகம் தருவதில்லை. மருந்துப் பெட்டியில் இருக்கும் எச்சரிக்கை, ரயில் நிலைய அறிவிப்பு, சோப்பு விளம்பரம், அரசாங்க முழக்கம் என்று பொறுக்கித் தருவேன். சின்ன வாக்கியத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. அப்படி ஒருநாள் கரும்பலகையில் நான்கே சொற்களை எழுதிப்போட்டேன்: 'வீ வொர்க் ஆர் வான்ட்'. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-47 காலத்தில், பிரிட்டன் அரசு தன் ஊர்ச் சுவர்களிலும் பெரிய விளம்பரப் பலகைகளிலும் ஒட்டிய முழக்கம் அது. உற்பத்தியைப் பெருக்குங்கள், வெளிநாட்டுக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் இல்லாமைதான் என்பது அதன் சாரம். சில சுவரொட்டிகளில் மேலே இன்னொரு வரியும் இருந்தது: நெருக்கடியில் இருக்கிறோம் என்று. மற்றபடி வெறும் எழுத்து. பெரிய, தடித்த எழுத்து.

பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். வகுப்பு முடியும்வரை முதல் சொல்லைத் தாண்டவில்லை. பாதிப் பேர் 'நாம்' என்று எழுதியிருந்தார்கள், பாதிப் பேர் 'நாங்கள்'. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. ஆங்கிலத்துக்கு இந்தக் கவலை இல்லை. ஒரே சொல்லில் இரண்டையும் சுருட்டி வைத்துக்கொள்ளும். தமிழ் எழுதுகிறவள் முடிவெடுத்தே ஆக வேண்டும். 'நாங்கள்' கட்சியைச் சேர்ந்த ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மேடம், இதை ஒட்டினவங்க யாரு? அவங்களும் மில்லுக்கு வேலைக்குப் போனாங்களா?"

இந்தக் கட்டுரை அவளுடைய கேள்விக்கு அன்று நான் சொல்ல முடியாமல் போன பதில்.

முதலில் சூழலைச் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்தபோது பிரிட்டன் வென்ற நாடு, ஆனால் கையில் காசில்லாத நாடு. ஆறு ஆண்டுகளாகத் தொழிற்சாலைகள் குண்டும் விமானமும் செய்துகொண்டிருந்தன. 1944இல் ஏற்றுமதியின் அளவு போருக்கு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. அமெரிக்கா 'லென்ட்-லீஸ்' ஏற்பாட்டில் உணவும் பொருளும் அனுப்பிக்கொண்டிருந்ததால் வண்டி ஓடியது. 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைந்த சில நாட்களிலேயே, அமெரிக்கா அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டது. பொருளியலாளர் கெய்ன்ஸ் வாஷிங்டனுக்குப் போய்ப் பேசி 375 கோடி டாலர் கடன் வாங்கி வந்தார். அந்தக் கடனின் கடைசித் தவணை 2006ஆம் ஆண்டு இறுதியில்தான் கட்டி முடிக்கப்பட்டது. கோதுமை, பருத்தி, புகையிலை, எண்ணெய் எல்லாவற்றுக்கும் டாலர் வேண்டும். டாலருக்கு ஏற்றுமதி வேண்டும். 1938ஆம் ஆண்டின் அளவைவிட 75 சதவீதம் கூடுதலாக ஏற்றுமதி செய்தால்தான் பிழைக்க முடியும் என்று கணக்குப் போட்டார்கள். 'ஏற்றுமதி செய் அல்லது செத்துப்போ' என்ற பேச்சு அன்றாடப் பேச்சானது.

நெருக்கடி பொய்யில்லை. பொய்யான நெருக்கடியைக் கட்டிவிட்ட சுவரொட்டி என்றால் விமரிசனம் எளிதாக இருந்திருக்கும். உண்மையான நெருக்கடியைச் சொல்லும் வாக்கியத்தில் யாருடைய உழைப்பு எண்ணப்படுகிறது, யாருடையது எண்ணப்படவில்லை என்பதுதான் என் கேள்வி.

அந்த 'நாம்' ஒரு பாடம் கற்ற பிறகு வந்த சொல். 1939இல், போர் தொடங்கியபோது, பிரிட்டன் அரசு ஒட்டிய முதல் சுவரொட்டிகளில் ஒன்று, உங்கள் துணிவும் உங்கள் உற்சாகமும் உங்கள் உறுதியும் நமக்கு வெற்றி தரும் என்றது. இதைத் தமிழில் இப்போது நான் 'நமக்கு' என்று எழுதினேன். அன்றைய மக்கள் அதை 'எங்களுக்கு' என்றுதான் படித்தார்கள். துணிவு உங்களுடையது, வெற்றி எங்களுடையதா என்று கேட்டார்கள். மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களைப் பார்த்துப் பேசும் தொனி அதில் இருப்பதை எல்லோரும் கண்டுகொண்டார்கள். அந்தச் சுவரொட்டி பரவலாகக் கேலிக்குள்ளானது. ஏழு ஆண்டு கழித்து 'உங்கள்' காணாமல் போய் 'நாம்' மட்டும் நிற்கிறது. அதற்குள் ஆட்சியும் மாறியிருந்தது. 1945 ஜூலையில் வென்ற தொழிற்கட்சி அரசு தன்னை உழைப்பவர்களின் அரசு என்று நம்பியது. அதனால் அந்த 'நாம்' வெறும் தந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். நம்பித்தான் எழுதியிருப்பார்கள். அதனாலேயே அதைக் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

'வொர்க்' என்ற சொல்லுக்கு வருவோம். எது வேலை? சுவரொட்டியின் கணக்கில் வேலை என்பது ஆலையில், சுரங்கத்தில், துறைமுகத்தில் நடப்பது. அன்றைய பிரிட்டிஷ் பெண் ஒருத்தியின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை, தேயிலை, சோப்பு எல்லாம் பங்கீடு. போர்க்காலம் முழுக்கப் பங்கீட்டுக்கு உட்படாத ரொட்டிகூட, போர் முடிந்து ஓராண்டு ஆன பிறகு, 1946 ஜூலையில் பங்கீட்டுக்கு வந்தது. இரண்டு ஆண்டு நீடித்தது. கடைக்குக் கடை வரிசை. துணிக்கு 1941 ஜூனிலிருந்தே கூப்பன். முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி உடைக்கே 11 போய்விடும். போர் முடிந்த பிறகு கூப்பன் பாதியளவாகக் குறைந்தது, கூடவில்லை. பிள்ளைகள் வளர்வது நிற்குமா? பழைய கோட்டைப் பிரித்துத் திருப்பித் தைப்பதும், கிழிந்த போர்வையிலிருந்து குழந்தைக்கு உடை எடுப்பதும், காலுறையில் ஓட்டை அடைப்பதும் இரவு வேலை. இதற்கென்றே 1943இல் 'இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைத் தை' என்ற பொருளில் ஒரு கையேடு வெளியிட்டார்கள். தையல் பொம்மை ஒன்றுக்கு 'திருமதி தையல்காரி' என்கிற மாதிரிப் பெயர் வைத்து விளம்பரங்களில் உலவவிட்டார்கள். திருவாளர் தையல்காரர் யாரும் இல்லை.

அந்தக் கையேட்டை வெளியிட்டது எந்தத் துறை? வணிக வாரியம். 'போர்ட் ஆஃப் டிரேட்'. துணிக்குக் கூப்பன் வகுத்த துறையும் அதுதான். உற்பத்தியாளர்களைப் பிடித்து ஏற்றுமதி செய் என்று நெருக்கிய துறையும் அதேதான். ஒரே கட்டடத்திலிருந்து ஒரு கை பெண்களுக்கு ஊசியைக் கொடுத்தது, இன்னொரு கை ஆலைக்கு ஏற்றுமதி இலக்கைக் கொடுத்தது. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். வீட்டில் ஒருத்தி ஒரு சட்டையைத் தைத்துத் தேற்றிவிட்டால் கடையில் ஒரு சட்டை மிச்சம். மிச்சமான சட்டை கப்பலேறும், டாலராகத் திரும்பும். அவள் செய்த தையல் அந்தச் சட்டையின் விலைக்குள் இருக்கிறது. ஏற்றுமதிப் புள்ளிவிவரம் எதிலும் அது இல்லை. வீட்டு வேலை பொருளாதாரத்தைத் தாங்குகிறது என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். மாணவிகள் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். எந்தத் தையல் எந்தக் கப்பலுக்குப் போனது என்று இவ்வளவு துல்லியமாகக் காட்ட வேறு உதாரணம் எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

1945 முதல் 1947 வரை அந்த வாரியத்தின் தலைவர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ். பள்ளிப் பாடப்புத்தகத்தில் கிரிப்ஸ் தூதுக்குழு என்று படித்தோமே, அவரேதான். 1946 வசந்தத்தில் அமைச்சரவைத் தூதுக்குழுவோடு டெல்லியில் உட்கார்ந்து நம் விடுதலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதும் அவர் கையில் இருந்தது வணிக வாரியம்தான். சைவ உணவுக்காரர், எளிமையாக வாழ்ந்தவர், மற்றவர்களும் அப்படி வாழ முடியும் என்று மனமார நம்பியவர். எளிமையை விரும்பி ஏற்கும் ஆணுக்குச் சமைத்துப்போட வீட்டில் வேறு யாரோ இருந்தாக வேண்டும் என்பது நம் ஊரிலும் பேசப்படாத விஷயம்.

1946 செப்டம்பரில் லண்டனின் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கண்காட்சி திறந்தார்கள். 'பிரிட்டனால் செய்ய முடியும்' என்று பெயர். போர்க்காலத்தில் 'பிரிட்டனால் தாங்க முடியும்' என்று ஒரு பிரசாரப் படம் வந்திருந்தது, அதன் எதிரொலி. ஏழாண்டு வறட்சிக்குப் பிறகு புதுப் பாத்திரம், புதுத் துணி, நாற்காலி, சமையலறைச் சாமான் எல்லாம் கண்ணுக்கு முன்னால். ஆண்டு முடிவதற்குள் 14 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். பார்த்தார்கள், அவ்வளவுதான். பெரும்பாலான பொருட்களில் பின்னால் கிடைக்கும் என்றோ ஏற்றுமதிக்கு மட்டும் என்றோ குறிப்பு. பத்திரிகைகள் கண்காட்சியின் பெயரையே மாற்றிவிட்டன: 'பிரிட்டனுக்குக் கிடைக்காது'.

அங்கே வைக்கப்பட்ட பொருட்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது பீங்கான் கோப்பைதான். இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் பகுதி முழுக்கப் பீங்கான் சூளைகள். களிமண் பிசைவது, சூளை அடுக்குவது பெரும்பாலும் ஆண்கள். கோப்பையில் பூ வரைவது பெண்கள். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயரே உண்டு, பெண்பாலில்: 'பெயின்ட்ரஸ்'. பள்ளியை விட்டதும் சிறுமியாகப் போய் நுனித் தூரிகை பிடிக்கக் கற்று, ஒரே ரோஜாவை ஒரு நாளைக்கு எத்தனையோ முறை வரைவார்கள். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. 1942இல் உள்நாட்டில் அலங்காரப் பீங்கான் விற்பதற்கு அரசு தடை போட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு வெள்ளைக் கோப்பை மட்டும். பூப்போட்டதெல்லாம் ஏற்றுமதிக்கு. போர் முடிந்தது 1945இல். தடை நீங்கியது 1952இல். இடைப்பட்ட ஏழாண்டும் அந்தப் பெண்கள் பகலெல்லாம் பூ வரைந்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போய் வெள்ளைக் கோப்பையில் தேநீர் குடித்தார்கள்.

இதைச் சொன்னதும் வகுப்பில் திருப்பூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி சிரித்தாள். அவளுடைய அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர், பிறகு செக்கிங்குக்கு மாறியவர். "எங்க வீட்டுல எல்லாருக்கும் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்தான் மேடம்" என்றாள். தன் கை பட்டதிலேயே தேறாததுதான் தன் பிள்ளைக்கு. ஸ்டோக் வேறு, திருப்பூர் வேறு. அங்கே அரசாணை, இங்கே விலை. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்று நானே அவளிடம் சொன்னேன். ஆனால் அவளுக்கு அந்தக் கோப்பையை விளக்க வேண்டிய தேவையிருக்கவில்லை.

வெறும் எழுத்துச் சுவரொட்டி என்று தொடக்கத்தில் சொன்னேன். போர்க்காலச் சுவரொட்டியோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வெறுமை உறைக்கும். 1941இல் பிலிப் செக் வரைந்தது உலகமறிந்தது: தொழிற்சாலைக்கு வாருங்கள் என்று பிரிட்டன் பெண்களை அழைக்கும் படம். இரு கைகளையும் அகல விரித்து நிற்கும் பெண், தலைக்குமேல் விமானங்கள். அந்தப் படத்தைப் பற்றியும் நமக்கு ஆயிரம் புகார் இருக்கலாம். ஆனாலும் அவளுக்கு ஓர் உடல் இருந்தது, முகம் இருந்தது. அவள் இல்லாமல் போர் நடக்காது என்பது படத்திலேயே இருந்தது. 'நாம் உழைப்போம்' என்ற சுவரொட்டியில் அவள் ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை. பிரதிப்பெயருக்குள் கரைந்துவிட்டாள்.

கரைந்தவளை மறுபடி கூப்பிட வேண்டி வந்தது. 1947இல் அரசு வெளியிட்ட பொருளாதார அறிக்கை, நாட்டில் இன்னும் எஞ்சியிருக்கும் ஒரே பெரிய ஆள்பலக் கையிருப்பு பெண்கள்தான் என்றது. கையிருப்பு! கிடங்கில் அடுக்கிவைத்த மூட்டையைச் சொல்வதுபோல. அவ்வாண்டு ஜூனில் தொழிலாளர் துறை அமைச்சர் ஜார்ஜ் ஐசக்ஸ் பெண்களைத் திரும்ப வேலைக்கு அழைக்கும் பிரசாரத்தைத் தொடங்கினார். முக்கியமாகப் பருத்தி ஆலைகளுக்கு. 'பிரிட்டனின் ரொட்டி லங்காஷயரின் நூலில் தொங்குகிறது' என்று அதற்கொரு முழக்கம். ஆங்கிலத்தில் எதுகையோடு நன்றாகவே இருக்கும். அந்த நூலை யார் நூற்றார்கள் என்பது முழக்கத்தில் இல்லை. லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பான்மை பெண்கள். ரிங் ஃபிரேமில் அவர்கள், தறியில் அவர்கள். 1931இல் காந்தி அந்தப் பக்கம் போனபோது ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் புகைப்படம் நம்மில் பலர் பார்த்ததுதான். நாம் பார்த்தது காந்தியை. சுற்றியிருந்த முகங்களை இன்னொரு முறை பாருங்கள், முழக்கம் சொல்லாமல் விட்டவர்கள் அவர்கள்தான்.

வாருங்கள் என்று கூப்பிட்ட அரசு குழந்தையை என்ன செய்யச் சொன்னது? போர் உச்சத்தில் இருந்தபோது அரசின் முழுச் செலவில் சுமார் 1,500 குழந்தைகள் காப்பகங்கள் இயங்கின. 1946 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் மானியம் பாதியானது. மீதியை உள்ளாட்சிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பல உள்ளாட்சிகள் மூடிவிட்டன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் இடம் தாயின் மடிதான் என்று சுகாதாரத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. தொழிலாளர் துறை வா என்கிறது, சுகாதாரத் துறை வீட்டில் இரு என்கிறது. இதை டெனிஸ் ரைலி 1983இல் வந்த தன் 'வார் இன் தி நர்சரி' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பெண்களை வீட்டுக்கு விரட்ட அரசு ஒரே மனதாகத் திட்டமிட்டது என்ற எளிய கதையை அவர் ஏற்கவில்லை. துறைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன, அந்த இழுபறியின் நடுவே தாய் என்றொரு உருவம் உறைந்துபோனது என்பதுதான் அவர் காட்டுவது. சதி இல்லாமலேயே ஒரு பெண்ணின் நாள் பாழாக முடியும் என்பதைப் படிக்கிற மாணவிகள் அவசியம் அவரைத் தேடிப் படிக்க வேண்டும்.

சம்பளம்? அன்றைய ஆலைகளில் ஒரு பெண்ணின் சராசரி வார வருமானம் ஆணின் வருமானத்தில் பாதியைச் சற்றே தாண்டியது. சம ஊதியம் பற்றி ஆராய 1944இல் அமைத்த அரச ஆணையம் 1946இல் அறிக்கை தந்தது. தொழிற்சாலையில் சம ஊதியத்தைப் பெரும்பான்மையினர் பரிந்துரைக்கவில்லை. ஆன் லாஃப்லின், ஜேனட் வாகன், லூசி நெட்டில்ஃபோல்டு ஆகிய மூன்று பெண் உறுப்பினர்கள் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். பெண்ணை வேலைக்குக் கூப்பிட்ட அதே 1947இல் அரசு சொன்ன பதில்: அரசுப் பணியில் சம ஊதியம் கொள்கை அளவில் சரி, இப்போது கட்டுப்படியாகாது. 1955இல்தான் படிப்படியாகத் தொடங்கினார்கள், அதுவும் அரசுப் பணியில் மட்டும். அந்த நாட்களின் இன்னொரு முழக்கம், இப்போது கொஞ்சம் கூடுதலாக உழைத்தால் நல்வாழ்வு சீக்கிரம் வரும் என்றது. 'இப்போது' பெண்ணுக்கு, 'சீக்கிரம்' யாருக்கோ.

உள்ளூர்ப் பெண்கள் போதாமல் ஐரோப்பாவின் அகதி முகாம்களிலிருந்து லாத்வியா, எஸ்தோனியா, உக்ரைன் பெண்களை ஆலைகளுக்கு அழைத்து வந்ததும் இந்த ஏற்றுமதிக்காகத்தான். அவர்கள் விரும்பிய வேலைக்கு மாற முடியாது, அமைச்சகம் சொன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும். அந்தப் பெண்கள் சுவரொட்டியின் 'நாம்'இல் சேர்த்தியா?

இன்னும் தொலைவில் இன்னொருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றிப் பேசாமல் தமிழில் இந்தக் கட்டுரையை எழுதுவது முறையில்லை. அந்த ஆண்டுகளில் ஸ்டெர்லிங் பகுதிக்கு அதிகமாக டாலர் ஈட்டித்தந்த காலனி மலாயா. அமெரிக்காவுக்குப் போன ரப்பரும் வெள்ளீயமும்தான் காரணம். ரப்பர் தோட்டங்களில் விடியலுக்கு முன் பெரட்டுக்கு நின்று, இருட்டில் பால்மரம் சீவப் போனவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். ஜப்பானிய ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், பெரும்பகுதியினர் திரும்பவில்லை. போர் முடிந்து தோட்டங்கள் மறுபடி திறந்தபோது வாளியை எடுத்துக்கொண்டு போன பெண்களில் அப்படிக் கணவனை இழந்தவர்கள் எத்தனையோ பேர். போருக்கு முன்பே அங்கு அரசு வகுத்த நிலையான கூலியில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. லண்டனுக்குத் தேவைப்பட்ட டாலரில் அவள் சீவிய பாலும் இருக்கிறது. அவள் கண்ணில் அந்தச் சுவரொட்டி பட்டிருக்காது. பட்டிருந்தாலும் 'நாம்' என்று படித்திருக்க மாட்டாள். இந்தியாவுக்கும் பிரிட்டன் அப்போது 100 கோடி பவுண்டுக்கும் மேல் கடன்பட்டிருந்தது. போருக்காக இங்கிருந்து எடுத்த பொருளுக்கும் சேவைக்கும் தர வேண்டிய பணம். 1943இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோதும் ஏறிக்கொண்டிருந்த கடன் அது. இல்லாமை வரும் என்று அச்சுறுத்திய சுவரொட்டி தன் நாட்டுக்கு வெளியே இல்லாமை எப்போதோ வந்துவிட்டதைச் சொல்லவில்லை.

அந்தப் பெண்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. 1945இல் 'பிரிட்டிஷ் ஹவுஸ்வைவ்ஸ் லீக்' தொடங்கியது. ரொட்டிப் பங்கீட்டுக்கு எதிராக ஊர்வலம், கையெழுத்து, கூட்டம் என்று அமர்க்களப்படுத்தினார்கள். அதன் தலைமை நடுத்தர வர்க்கம், சாய்வு வலதுசாரிப் பக்கம். பங்கீட்டால் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாலும் ஆரஞ்சுச் சாறும் முன்பைவிட ஒழுங்காகக் கிடைத்தது என்ற உண்மையை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. அந்த அரசுதான் 1946 ஆகஸ்டிலிருந்து குடும்ப உதவித்தொகையைத் தாயின் கையில் கொடுத்தது. எலினார் ராத்போன் ஆயுள் முழுக்கப் போராடிய கோரிக்கை, பணம் கைக்கு வருவதைப் பார்க்க அவர் உயிரோடில்லை. 1948இல் இலவச மருத்துவம். போருக்கு முன் காசில்லாமல் மருத்துவரிடமே போகாமல் நோயைப் பொறுத்துக்கொண்ட பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! நான் அங்கு இருந்திருந்தால் லீக்கில் சேர்ந்திருக்க மாட்டேன். ஆனால் வரிசையில் நின்று கால் வீங்கியவளின் எரிச்சலை வலதுசாரிச் சூழ்ச்சி என்று இடதுசாரி ஆண்கள் ஒதுக்கிவிட்டதும் சரியில்லை. அந்த எரிச்சலைக் கேட்க ஆளில்லாததால்தான் லீக் கேட்டது.

கடைசிச் சொல் 'வான்ட்'. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பொருள். இல்லாமை ஒன்று, ஆசைப்படுவது இன்னொன்று. சுவரொட்டியில் இருப்பது முதல் பொருள். 1942இல் பெவரிட்ஜ் தன் அறிக்கையில் ஐந்து அரக்கர்கள் என்று சொன்னாரே, அதில் ஒன்று. ஆனால் கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி நிற்கிறவளுக்கு இரண்டாம் பொருளும் கேட்டிருக்கும். 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் இறுகிய இடையும் கெண்டைக்கால்வரை இறங்கும் அகன்ற பாவாடையுமாக ஒரு பாணியை அறிமுகப்படுத்தினார். கஜக்கணக்கில் துணி. கிரிப்ஸ் பாவாடையைக் குட்டையாகவே வைத்திருங்கள் என்று உடை வடிவமைப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டார். தொழிற்கட்சியின் பெண் எம்.பி. மேபல் ரிடியல்க் அந்தப் பாணியைக் கண்டித்தார். பெண்ணியம் படித்த நாமும் அவர் பக்கம்தான் நிற்போம் என்று நினைத்திருந்தேன். இடையை இறுக்கும் உடை, உழைக்கும் பெண்ணை மறுபடி பொம்மையாக்குவது, எல்லாம் சரிதான். ஆனாலும் இளம்பெண்கள் பழைய உடைகளை ஒட்டுப்போட்டு, திரைத்துணியைச் சேர்த்து, எப்படியோ அந்தப் பாவாடையைத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். அரசு கற்றுக்கொடுத்த அதே ஊசியால்.

இங்கேதான் கரோலின் ஸ்டீட்மனின் 'லேண்ட்ஸ்கேப் ஃபார் எ குட் வுமன்' எனக்கு உதவுகிறது. 1986இல் வந்த அந்த நூலின் மையம் அவருடைய அம்மா. லங்காஷயரின் பர்ன்லி நகரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டவர். டியோர் பாணி ஆடைக்கு, சொந்த வீட்டுக்கு, தனக்கு வாய்க்காத வாழ்க்கைக்கு. தொழிலாளி வர்க்கத்துத் தாய் என்றால் பொறுமையானவள், தியாகி என்ற பிம்பத்துக்கு அவர் அடங்கவில்லை. இடதுசாரி வரலாறு அவருடைய பொறாமைக்கு இடம் தரவில்லை, நான் தருகிறேன் என்கிறார் மகள். பிரிட்டனின் ரொட்டி எந்த நூலில் தொங்கியதாக முழக்கம் சொன்னதோ, அந்த நூலின் ஊர்க்காரி இந்த அம்மா. அவருக்கு வேண்டியிருந்தது அந்த நூலில் நெய்த துணியில் சில கஜம்.

மறுவாரம் வகுப்பில் பிரதிகளைத் திருப்பிக் கொடுத்தேன். தமிழால் இந்த 'வீ'யை மறைக்க முடியாது, அதுதான் தமிழின் பலம் என்று கொஞ்சம் பெருமையாகவே பேசிக்கொண்டிருந்தேன். அன்று கேள்வி கேட்ட அதே பெண் தன் தாளை நீட்டினாள். பிரதிப்பெயரையே எடுத்துவிட்டிருந்தாள். 'உழைப்போம், இல்லையேல் வாடுவோம்.' நாம் என்றாலும் '-ஓம்', நாங்கள் என்றாலும் '-ஓம்'. வினைமுற்று இரண்டையும் மூடிவிடும். "கவர்ன்மென்ட்ல எழுதினா இப்படித்தானே மேடம் எழுதுவாங்க" என்றாள். நம் ஊர்ச் சுவர்களில் உழைப்போம், காப்போம், சேமிப்போம், ஒழிப்போம் என்று எழுதியிருப்பதெல்லாம் எனக்கு அப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. முழு மதிப்பெண் போட்டேன். 'வாடுவோம்' சரியா, 'வேண்டியிருப்போம்' என்று போட்டால் அந்த இரண்டாம் பொருளும் வருமா என்று மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.